பிடரியில் தொடங்கிக் கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கிற தலையிடி

கேள்வி: அக்கா, எனக்கு வயது 39. கொக்குவிலில் வீட்டோடு இருந்து சாரி பிளவுஸ், சட்டை தைத்துக் கொடுக்கிறேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் ஓடர் கூடினதில் இருந்து தலையிடி விட்டபாடில்லை. காலமை எழும்பும்போது பெரிதாக ஒன்றுமில்லை. மத்தியானம் போல வலது பிடரியில் பிடிக்கத் தொடங்கி, காதுக்கு மேலால் ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் அதைவிட மோசம். விண் விண்ணென்று இடிக்கும், சத்தி வரும், வெளிச்சம் ஆகாது, அறையைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். நாலைந்து மாதமாக அநேகமாக ஒவ்வொரு நாளும் இரண்டு பனடோல் போடுகிறேன், சில நாள் நாலு. கண்ணூறு என்று மாமி நாவூறு கழித்துப் பார்த்தா. பீனிசம் என்று சொல்லி ஒருவர் ஆவி பிடிக்கச் சொன்னார். கனடாவில் இருக்கிற அண்ணி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார் என்கிறா. கழுத்தில் கரண்ட் பிடித்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. மூளையில் ஏதும் கட்டியோ என்று நினைத்து இரவில் நித்திரையும் இல்லை. நான் என்ன செய்ய? 15 வயது மகளும் இப்போது தலையிடி என்கிறாள்.
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, முதலில் நித்திரையைக் கெடுக்கிற அந்தப் பயத்தை எடுத்துவிடுவோம். மூளைக் கட்டியால் தலையிடி வருவதுண்டு. ஆனால் தலையிடி என்று வைத்தியரிடம் போகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் மிக மிகக் குறைவு. அப்படி வந்தாலும் பெரும்பாலும் வேறு ஏதாவது கூடவே வரும். வலிப்பு வரும், ஒரு பக்கக் கை கால் பெலன் குறையும், பேச்சுக் குழறும், பார்வை இரண்டாகத் தெரியும், அல்லது தலையிடி கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டே போகும். நீங்கள் எழுதினதில் இவற்றில் ஒன்றும் இல்லை. காலமை சுகமாக எழும்பி, மெசினில் குனிந்து இரண்டு மூன்று மணித்தியாலம் போன பிறகு, ஒவ்வொரு தரமும் அதே பிடரியில் தொடங்குகிற நோ என்றால் என் கண் முதலில் போவது உங்கள் கழுத்துக்கும் கதிரைக்கும்தான்.

நான் மருந்து எழுதுகிற வைத்தியர் இல்லை, இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). கடிதத்தை வைத்து நோயை முடிவாகச் சொல்லவும் முடியாது. அதனால் ஒரு பொது வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் பிரஷர் பார்த்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, கை கால் நரம்புகளைத் தட்டிப் பார்த்து, ஸ்கான் தேவையா இல்லையா என்று சொல்லுவார். நரம்புப் பரிசோதனையில் எல்லாம் சரி, தலையிடியின் போக்கும் மாறவில்லை என்றால் ஸ்கானில் பயன்படும்படி ஏதும் கிடைப்பது அரிது. அண்ணிக்கு அதை அப்படியே சொல்லுங்கள்.

பிரஷர் பற்றியும் ஒரு சொல். தலை இடித்தாலே பிரஷர் ஏறிவிட்டது என்று நம்மூரில் ஒரு எண்ணம் உண்டு. சாதாரணமாகக் கூடியிருக்கிற பிரஷர் தலையிடி தருவதில்லை. மேல் எண் 180ஐயோ கீழ் எண் 120ஐயோ தாண்டி ஏறினால்தான் அது தலையிடியாகத் தெரியலாம். மற்றப்படி பிரஷர் சத்தமில்லாமல் இருக்கிற வருத்தம், தலையிடி இல்லை என்பதற்காகப் பார்க்காமல் விடுகிற ஒன்றும் அல்ல.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற, வாழ்க்கையில் இதுவரை வராத இடி, தலையில் அடிபட்ட பிறகு வருகிற தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைத்து நாடி நெஞ்சில் முட்டாமல் நிற்பது, முகம் கோணுவது, கை சோருவது, நினைவு தடுமாறுவது என்றால் பனடோலும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குகிற தலையிடியும், கர்ப்ப காலத்தில் புதிதாக வருகிறதும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டியவை. வயதானவர்களுக்கு நெற்றிப்பொட்டில் தொட்டால் நோவதும், சாப்பாடு சப்பும்போது தாடை நோவதும் சேர்ந்தால் அது பார்வையையே பறிக்கக்கூடிய இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். மாரி மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுகிற காலம். காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் குத்தும் சேர்ந்து வந்தால் அதைக் கழுத்துத் தலையிடி என்று எண்ணி எங்களிடம் வரவேண்டாம். இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அந்த நேரம் அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்குளோபினாக் தொடவே கூடாது.

சரி, இனி உங்கள் தலையிடிக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் ஒரு தலையிடி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் மூன்று தெரிகிறது.

மத்தியானம் பிடரியில் தொடங்குகிறது முதலாவது. கழுத்திலிருந்து கிளம்புகிற தலையிடியின் குணம் அதில் நன்றாகத் தெரிகிறது. எப்போதும் ஒரே பக்கம் வரும், பக்கம் மாறாது. கழுத்தை ஒரே நிலையில் வைத்திருந்தாலோ ஒரு பக்கம் திருப்பினாலோ கிளம்பும். அந்தப் பக்கம் கழுத்துத் திரும்புவது கொஞ்சம் குறைந்திருக்கும். நோ கழுத்தில் என்றால் கண் ஏன் நோகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், நெற்றி, கண், முகம் ஆகிய இடங்களின் உணர்வைக் கொண்டுவருகிற முக்கிளை நரம்பும், கழுத்தின் உச்சியில் முதுகுத்தண்டுக்குள் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. இரண்டு கிணற்றுத் தண்ணீர் ஒரே வாய்க்காலில் கலந்து வந்தால், தோட்டத்துக் கடைசிப் பாத்தியில் நிற்கிறவருக்கு எது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரிக்கத் தெரியாது. மூளையும் அப்படித்தான் குழம்புகிறது. பிடரி மூட்டில் கிளம்பின நோவைக் கண்ணில் வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிற இரண்டாவது, ஒற்றைத் தலையிடி. விண் விண்ணென்று இடிப்பது, சத்தி, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, எழும்பி நடந்தால் கூடுவது எல்லாம் அதற்குரியவை. மருந்தில்லாமல் விட்டால் 4 மணித்தியாலத்தில் இருந்து 72 மணித்தியாலம் வரை இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதலாக வருகிற வருத்தம் இது, மாதவிடாய்க்கு ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக வருவதும் வழமை. உங்களுக்கும் அந்த நாட்களோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். உங்கள் அம்மாவுக்கோ சகோதரிகளுக்கோ இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள், குடும்பத்தில் ஓடுகிற சங்கதி. பீனிசம் என்று சொன்னவரில் பெரிய பிழை இல்லை. ஒற்றைத் தலையிடி வரும்போது மூக்கு அடைப்பதும் கண்ணில் நீர் வருவதும் உண்டு, அதனால் எத்தனையோ பேர் வருடக்கணக்காகப் பீனிசத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூக்கில் மஞ்சளாகச் சளி, காய்ச்சல், முகத்தில் அழுத்தினால் நோ என்று ஒன்றும் இல்லாவிட்டால் ஆவி பிடித்து ஆகப்போவது வியர்வைதான்.

இங்கே என் தொழில்காரர்கள் சிலரோடு எனக்கு ஒத்துவராத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒற்றைத் தலையிடி வரும்போதும் பலருக்குக் கழுத்துப் பிடிக்கும். கழுத்து நோகிறது என்றவுடன் எல்லாம் கழுத்தால்தான் வருகிறது என்று சொல்லி மாதக்கணக்காகக் கழுத்தை உருவிக்கொண்டிருப்பது நோயாளியின் காசையும் நாளையும் தின்கிற வேலை. அதனால்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். நான் செய்கிற ஒரு சோதனை இது. உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கையில் ஏந்தி, நாடி நெஞ்சில் படும் அளவுக்கு முழுதாக மடக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்ப்பேன். அப்படி மடக்கும்போது கீழ்க் கழுத்துப் பூட்டுப்பட்டு, மேல் இரண்டு எலும்புகள்தான் பெரும்பாலும் திரும்பும். சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் 45 பாகை அளவு போகும். கழுத்துத் தலையிடிக்காரருக்கு நோ உள்ள பக்கம் தெளிவாகக் குறைந்து, சுவரில் முட்டினது போல நின்றுவிடும். சிலருக்கு அந்த இடத்திலேயே தங்கள் வழக்கமான தலையிடி எழும்பும். இதை வீட்டில் நீங்களாகவோ மாமியைக் கொண்டோ செய்து பார்க்காதீர்கள்.

மூன்றாவது, நீங்கள் மருந்தென்று நம்புகிற பனடோல். பரசிட்டமோல் போன்ற நோக் குளிசைகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டுவந்தால், ஏற்கனவே தலையிடி உள்ளவர்களுக்கு அந்தக் குளிசையே தலையிடியை நாளாந்தம் ஆக்கிவிடும். கபீன் அல்லது கொடீன் சேர்ந்த குளிசைகள் என்றால் மாதத்தில் 10 நாளே போதும். நீங்கள் நாலைந்து மாதமாக அநேகமாக ஒவ்வொரு நாளும் போடுகிறீர்கள். கடையில் ‘எக்ஸ்ட்ரா’ என்று தருகிற பனடோலில் ஒரு குளிசைக்கு 65 மில்லிகிராம் கபீன் இருக்கிறது, நீங்கள் வாங்குவது எது என்று மட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு நாளுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு என்பதே ஆரோக்கியமான பெரியவருக்கு மேல் எல்லை, நீங்கள் அதைத் தாண்டவில்லை. தொல்லை அளவில் இல்லை, நாட்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இதை நிறுத்தினால்தான் மற்ற இரண்டையும் ஒழுங்காகப் பார்க்கலாம். நிறுத்துகிற முதல் கிழமை, சிலருக்குப் பத்து நாள் வரை, தலையிடி கூடும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் பயந்துபோய்த் திரும்பவும் குளிசைக்குப் போகிறார்கள். தீபாவளி ஓடர் தலைக்கு மேல் இருக்கிற நேரம் இதைத் தொடங்காதீர்கள். வேலை குறைந்த ஒரு கிழமையைத் தெரிவு செய்து, வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒற்றைத் தலையிடிக்கு வருமுன் தடுக்கிற மருந்து வேண்டுமா என்றும் அவரிடம் கேளுங்கள். அவற்றில் பரவலாகக் கொடுக்கிற புரோப்பிரனோலோல் தொய்வு உள்ளவர்களுக்கு ஆகாது, உங்களுக்கு இழுப்பு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லவேண்டும். தலையிடிக்கு முன் கண்ணில் வளைந்து நெளிந்து மின்னுகிற கோடுகள் தெரிகிறவர்களுக்கு, ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசையும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்துக் கூடும்.

இனி என் பக்கத்து வேலை. உங்கள் தையல் மெசினை நான் பார்க்கவில்லை. ஆனால் வீட்டோடு தைக்கிறவர்கள் இருக்கிற இருப்பு எனக்குப் பழக்கம். அநேகமாக ஒரு பிளாஸ்ரிக் கதிரைதான் இருக்கும். சாய்ந்து இருந்து கதைக்க அது நல்லது. அதன் இருக்கை பின்பக்கம் சரிந்து போகும், அதனால் முழுதாக இருந்தால் ஊசி எட்டத்தில் நிற்கும். எனவே கதிரையின் முன் விளிம்பில் அரைவாசி இருந்து, முதுகை வளைத்து, தலையை மட்டும் ஊசியை நோக்கி நீட்டுவீர்கள். ஏறக்குறைய 5 கிலோ தலை முன்னுக்கு நீண்டு நிற்க, அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிற வேலை பிடரியில் உள்ள சின்னச் சின்னத் தசைகளுக்கு. மத்தியானம் வரை அவை தாங்கும். அதுக்குப் பிறகு நீங்கள் எழுதினதுதான் நடக்கும்.

கதிரையை மாற்றக் காசு செலவழிக்க வேண்டாம். இருக்கையின் பின் பாதியில் ஒரு துவாயை மடித்து வைத்து, இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக வருமாறு செய்யுங்கள். வயிறு மேசை விளிம்பைத் தொடும் அளவுக்குக் கதிரையை உள்ளே இழுங்கள். தோள் தளர்ந்திருக்க, மெசின் தட்டு முழங்கை உயரத்தில் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். பதிவாக இருந்தால் மேசைக்கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு வையுங்கள். பின் கால்கள் இரண்டுக்கும் இன்னும் ஒரு அங்குலம் கூட வைத்தால் தட்டு உங்களை நோக்கிச் சரிந்து, துணி கண்ணுக்குக் கிட்ட வரும், கழுத்துக் குனிவதும் அந்தளவுக்குக் குறையும். மேசை ஆடாமல் நிற்கிறதா, மிதி காலுக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெசின் வேலையிலும் மோசமானது கைவேலை. கொளுக்கி தைப்பது, ஓரம் மடித்து அடிப்பது எல்லாம் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, துணியை மடியில் போட்டுக்கொண்டு, நாடி நெஞ்சைத் தொடும் அளவுக்குக் குனிந்துதான் நடக்கும், அதுவும் இரவு எட்டு மணிக்குப் பிறகு, டிவி பார்த்தபடி. மடியில் இரண்டு தலையணை வைத்து அதன்மேல் துணியை வையுங்கள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். துணி வெட்டுவதை நிலத்தில் இருந்து சாப்பாட்டு மேசைக்கு மாற்றுங்கள். அப்புறம், நோ எப்போதும் வலதுபக்கம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடர்காரரோடு கதைக்கும்போது போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தைக்கிற பழக்கம் உண்டா? உண்டென்றால் இன்றோடு விடுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றால் காதில் ஒரு வயர் மாட்டுங்கள்.

கண்ணையும் பார்க்க வேண்டும். ஊசியில் நூல் கோர்க்கக் கையை நீட்டிப் பிடிக்கிறீர்களா, மகளைக் கூப்பிடுகிறீர்களா? 40ஐத் தொடுகிற வயதில் வெள்ளெழுத்துத் தொடங்குவது வழமை. கண் ஆஸ்பத்திரியில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தெருவோரத்தில் விற்கிற கண்ணாடியை மாட்டிப் பார்த்து எடுக்காதீர்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கிற நாளில் மெசினுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு விளக்கு இருக்கட்டும்.

வலிமைப்படுத்துகிற பயிற்சி ஒன்று சொல்கிறேன். பார்த்தால் இதுவும் ஒரு பயிற்சியோ என்று இருக்கும். பாயிலோ கட்டிலிலோ முழங்காலை மடக்கி மல்லாக்கப் படுங்கள். தலைக்குக் கீழே மெல்லிய துவாய் ஒன்றை மடித்து வையுங்கள், தலையணை வேண்டாம். இனி யாரோ கேட்டதுக்கு ‘ஓம்’ என்று மிக மெல்லத் தலையாட்டுவது போல நாடியைக் கீழ்நோக்கிக் கொண்டுவாருங்கள். தலை துவாயை விட்டுக் கிளம்பக் கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில், தோலுக்குக் கீழே கயிறு போல இரண்டு தசை புடைத்தால் நீங்கள் கூடப் பெலன் போடுகிறீர்கள். விரலை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அது மெத்தென்று இருக்கவேண்டும். அந்த நிலையில் 10 வினாடி பிடித்து, மூச்சை அடக்காமல், விடுங்கள். 10 தரம். காலையும் இரவும். ஆழத்தில் கழுத்தெலும்பை ஒட்டி இருக்கிற தசைகளுக்கு இதுதான் வேலை கொடுக்கும். முதல் கிழமை 5 வினாடிகூடப் பிடிக்க முடியாமல் நடுங்கினால் அதுவே போதும், கூட்டிக்கொண்டு போகலாம்.

தோளுக்கு ஒன்று. மெசினில் இருந்தபடியே, தோளைக் காதை நோக்கித் தூக்காமல், தோட்பட்டை எலும்புகள் இரண்டையும் மெல்லப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்து 10 வினாடி. ஒரு பிளவுஸின் ஒரு கை தைத்து முடிந்ததும் ஒரு தரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி, கழுத்தை இரண்டு பக்கமும் முடிந்தளவு திருப்புங்கள், கிணற்றடி வரை ஒரு நடை போய் வாருங்கள். தலையை முழு வட்டமாகச் சுழற்றுவது வேண்டாம். இறுக்கமான பக்கத்துக்கு, வலது கையால் கதிரையின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, தலையை இடது பக்கம் சரித்து, மூக்கை இடது அக்குளை நோக்கித் திருப்பி 30 வினாடி இழுத்து வையுங்கள், மூன்று தரம். இழுவை தெரியவேண்டும், நோ தெரியக்கூடாது. கை விறைத்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

பொடியன்கள் கிரிக்கெட் விளையாடுகிற ரென்னிஸ் பந்து இரண்டை ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து, படுத்தபடி பிடரியும் மண்டையும் சந்திக்கிற பள்ளத்தில் நடு எலும்புக்கு இரண்டு பக்கமும் வருமாறு வையுங்கள். தலையின் பாரம் மட்டும் போதும், அழுத்தத் தேவையில்லை. மூன்று, நாலு நிமிடத்தில் பிடரி விடுவது தெரியும். தலையிடி தொடங்குகிற மத்தியான நேரத்தில், குளிசைப் பெட்டியை நோக்கிக் கை போகும்போது, இதைச் செய்து பாருங்கள். சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துவாயை 15 நிமிடம் பிடரியில் போடுவதும் நல்லது. சித்தாலேப பூசினால் சுகமாக இருக்கும், அது நோவின் கவனத்தைத் திருப்பும். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஒற்றைத் தலையிடி வருகிற நாளில் மட்டும் இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம். இருட்டறை, நெற்றியில் குளிர்ந்த துணி, வைத்தியர் தந்த மருந்து, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கரண்ட் பற்றி. டென்ஸ் (தோலில் ஒட்டி மெல்லிய கரண்ட் விடுகிற கருவி), அல்ட்ராசவுண்ட், சிவப்பு வெளிச்சம் எல்லாம் எங்கள் அறையிலும் இருக்கிறது. நோ கூடின நாளில் கொஞ்ச நேரம் தணிக்க டென்ஸ் வைப்பேன். அதோடு அனுப்புகிற வழக்கம் எனக்கில்லை, கரண்ட் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அதே கதிரையில் அதே மாதிரி இருந்தால் அடுத்த நாளும் மத்தியானம் வரும். பலன் நிலைப்பது கையால் மேல் கழுத்து மூட்டுகளை மெல்ல இளக்குவதிலும், மேலே சொன்ன மெதுவான பயிற்சியிலும்தான். கழுத்துத் தலையிடிக்காரர் 200 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் செய்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 6 கிழமைச் சிகிச்சை. கைச்சிகிச்சையும் இந்தப் பயிற்சியும் தலையிடி வருகிற நாட்களையும் கடுமையையும் குறைத்தன, 12 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றது. நீங்களும் 6 கிழமை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் நாங்கள் நினைத்தது பிழையாக இருக்கலாம், திரும்ப வைத்தியரிடம் அனுப்புவதுதான் முறை.

யாராவது ஒரே வெட்டாகக் கழுத்தைத் திருப்பி ‘டக்’ என்று சத்தம் வரச்செய்தால் அதற்கு இடங்கொடாதீர்கள். சலூனில் தலைமயிர் வெட்டி முடிந்ததும் கழுத்தை முறித்துவிடுவார்களே, உங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கழுத்தெலும்புக்குள்ளால் மூளைக்குப் போகிற இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அரிதுதான், ஆனால் சத்தம் கேட்கிற சுகத்துக்காக அந்த அரிதை விலைக்கு வாங்கத் தேவையில்லை. எக்ஸ்ரே எடுத்து ‘கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது’ என்று சொன்னாலும் பதறாதீர்கள். நோவே இல்லாத பலருக்கும் 40க்குப் பிறகு படத்தில் அப்படித் தெரியும். கழுத்துப்பட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு தைக்கவும் வேண்டாம், தசை இன்னும் சோம்பிப் போகும்.

ஒரு உயரமான இலவம்பஞ்சுத் தலையணை, அதற்கு மேல் இன்னொன்று என்று வைத்துப் படுக்கிறவரா நீங்கள்? பக்கவாட்டில் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் இடையில் உள்ள இடைவெளியை நிரப்புகிற அளவுக்கு ஒன்று போதும். குப்புறப் படுப்பது இரவு முழுக்கக் கழுத்தைத் திருகி வைத்திருப்பது. வெள்ளிக்கிழமை விரதமும் கந்தசஷ்டியும் பிடிக்கிறவர் என்றால், வெறும் வயிறும் வழமையாகக் குடிக்கிற தேத்தண்ணி நிற்பதும் இரண்டுமே ஒற்றைத் தலையிடியைக் கிளப்பக்கூடியவை. விரதத்தை விடச் சொல்லவில்லை. பாலும் பழமும் தண்ணியும் நேரத்துக்கு எடுக்கிற விரதமாகப் பிடியுங்கள். கிழமையில் மூன்று நாள் அரை மணித்தியாலம் வேர்க்கும் அளவுக்கு நடப்பதோ சைக்கிள் ஓடுவதோ ஒற்றைத் தலையிடிக்காரருக்குப் பலன் தரும். கொக்குவிலில் வெயிலைத் தவிர்க்க வேண்டுமென்றால் காலமை ஆறரைக்கு முதல் முடியுங்கள். இறுக்கமான ஹெல்மெட்டும் நெற்றியில் தலையிடி தரும், ஸ்கூட்டியில் போகிறவர் என்றால் அதையும் சரிபாருங்கள்.

சுவரில் தொங்குகிற கலண்டரில் இன்று முதல் எழுதத் தொடங்குங்கள். தலையிடி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, சத்தியோடு வந்த நாளுக்கு ஒரு வட்டம், குளிசை போட்ட நாளுக்கு எத்தனை என்று இலக்கம், மாதவிடாய் தொடங்கின நாளுக்கு ஒரு கோடு. ஒரு மாதத்தில் நான் மேலே பிரித்துச் சொன்ன மூன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போங்கள். அரச ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவை என்று கண்டால் இயன்மருத்துவப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள், அதற்குக் காசில்லை. இயன்மருத்துவரிடம் போகும் முன், நீங்கள் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் நின்று மகளைப் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அறியாத நேரத்தில் எடுக்கட்டும். படம் எடுக்கிறாள் என்று தெரிந்தால் நிமிர்ந்துவிடுவீர்கள்.

மகளின் விஷயம். 15 வயது, ஓ.எல். வகுப்பு, பள்ளிக்கூடம் முடிய டியூசன், பிறகு போன். காலைச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் போகிறாளா, தண்ணிப் போத்தல் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா, இரவு எத்தனை மணிக்குப் போனைக் கீழே வைக்கிறாள் என்று முதலில் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி குடியாமல் போகிற பெண்பிள்ளைகள் அநேகம், கழிப்பறைக்குப் பயந்து. கரும்பலகை தெரிகிறதா என்று கண்ணும் ஒருமுறை பரிசோதிக்கட்டும். உங்களுக்கு ஒற்றைத் தலையிடி இருப்பதால் அவளுக்கும் அது தொடங்குகிற வயதுதான், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டில் அஸ்பிரின் இருந்தால் அவளுக்குக் கொடுக்க வேண்டாம், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது ஆகாது. தலையிடியால் நித்திரையில் இருந்து எழும்புகிறாள், காலமை எழும்பியவுடன் சத்தி எடுக்கிறாள் என்றால் மட்டும் கலண்டரில் புள்ளி போட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.